சுருங்கி வாழும் இளமை: நிலா இழுதுமீனின் எஃபிராப் பருவமும் பட்டினியும்

கடலில் பிறக்கும் சிற்றுயிர்களில் மிகப் பெரும்பாலானவை முதிர்ச்சி அடையும் முன்பே மாய்ந்துவிடுகின்றன. அவற்றை மாய்க்கும் காரணங்களில், பிற உயிர்களுக்கு இரையாவதற்கு அடுத்தபடியாக, பட்டினியே முன்நிற்கிறது. ஓர் ஆண்டில் பிறந்த மீன்கள் பின்னாளில் வலையில் மிகுதியாக விழுவதும் அருகிப்போவதும், அவை குஞ்சாக இருந்தபோது கருவுணவு தீர்ந்தவுடன் இரையைக் கண்டடைந்தனவா என்பதைப் பெரிதும் பொறுத்தது என்ற கருத்தை நார்வே நாட்டு மீன்வள அறிஞர் யோஹான் யோர்ட் 1914ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். பின்னர் 1963இல் ஹெர்ரிங் மீன்குஞ்சுகளை ஆராய்ந்த பிளாக்ஸ்டர், ஹெம்பல் ஆகிய இருவரும் இந்த நெருக்கடியை அளப்பதற்கு ஒரு கருத்தாக்கத்தை வழங்கினர். பட்டினி கிடக்கும் குஞ்சு இறப்பதற்குச் சில காலம் முன்னதாகவே, உயிர் இருந்தும் இரையைப் பிடிக்க வலுவின்றி, உணவு கண்முன்னே வந்து நின்றாலும் உண்டு தேற இயலாத நிலையை எட்டிவிடுகிறது; அந்த நிலையை ‘மீளாக் கட்டம்’ என்று குறிப்பிடலாம். மீன்குஞ்சுகளில் பலவற்றுக்கு, கருவுணவு தீர்ந்த சில நாட்களிலேயே இக்கட்டம் வந்துவிடுகிறது.

இந்த அளவுகோலை இழுதுமீனின் குஞ்சுக்குப் பொருத்திப் பார்த்தால் கிடைக்கும் விடை, நாட்களில் அன்றி வாரங்களிலும் மாதங்களிலும் அமைகிறது. ஜெல்லி மீன் என்று பரவலாக அறியப்படும் இவ்வுயிரினத்தின் குஞ்சுக்குக் கருவுணவுப் பையும் இல்லை, சொல்லத்தக்க கொழுப்புச் சேமிப்பும் இல்லை. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய வட்டாக அது நீரில் விடப்படுகிறது. அத்தகைய உடல் இவ்வளவு நீண்ட பட்டினியைத் தாங்குவதை ஓர் இடர்க்காலத் தற்காப்பு என்று மட்டும் கொள்வது போதுமானதாகத் தோன்றவில்லை. இரை அருகியிருக்கும் பருவத்தில் பிறப்பதையே வழக்கமாகக் கொண்ட ஓர் உயிரினத்தின் வாழ்க்கைச் சுழற்சி முழுவதும் இத்திறனை நம்பியே கட்டப்பட்டுள்ளது என்று கொள்வதற்குத் தக்க சான்றுகள் இருக்கின்றன.

இழுதுமீன் இனங்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது ஆரேலியா என்னும் பேரினமாகும். தட்டுப் போன்ற வெளிறிய உடலும், அதன் நடுவே குதிரை லாட வடிவில் தெரியும் நான்கு இனப்பெருக்க உறுப்புகளும் கொண்ட இதனை நிலா இழுதுமீன் என்பர். முன்பு உலகெங்கும் பரவிய ஒரே சிற்றினமாக, ஆரேலியா ஆரிட்டா என்ற பெயரில் எண்ணப்பட்ட இது, மரபணு ஆய்வுகளுக்குப் பின் தோற்றத்தால் வேறுபடுத்தி அறிய இயலாத பல சிற்றினங்களின் தொகுதி என்று அறியப்பட்டுள்ளது. ஜப்பானியக் கரையோர நீரில் வாழ்வது இன்று ஆரேலியா கோருலியா எனப் பிரித்துச் சொல்லப்படுகிறது. எனவே பழைய ஆய்வுகளில் ஆரிட்டா என்று குறிக்கப்படுபவை அனைத்தும் ஒரே உயிரினத்தைப் பற்றியவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதன் வாழ்க்கை இரு வேறு உடல்களில் நிகழ்கிறது. கருவுற்ற முட்டை, நுண்ணிய மயிரிழைகளால் நீந்தும் பிளானுலா என்னும் இளவுயிரியாகிச் சில நாட்களில் பாறையின் அடிப்பக்கம், சிப்பி ஓடு, துறைமுகத் தூண் போன்ற ஏதேனும் ஒரு கடினப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, வாயைச் சுற்றி உணர்கொம்புகள் உடைய பாலிப் என்னும் சிறு கிண்ண வடிவை அடைகிறது. பாலிப் ஆண்டுக்கணக்கில் வாழவும், மொட்டுவிட்டுத் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும் வல்லது. தக்க சூழல் அமையும்போது அதன் உடலில் குறுக்கே வளையம் வளையமாகப் பள்ளங்கள் விழுந்து, அடுக்கிவைத்த தட்டுகளைப் போன்ற தோற்றம் உண்டாகிறது. பின்னர் மேலிருக்கும் தட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் துடித்துத் துடித்துக் கழன்று நீரில் நீந்திச் செல்கின்றன. இவ்வாறு பிரிந்து செல்லும் தட்டே எஃபிரா எனப்படும் இழுதுமீன் குஞ்சு. ஒரு பாலிப்பே, சில வேளைகளில், ஒரு பருவத்தில் பத்துக்கும் மேற்பட்ட எஃபிராக்களை ஈனக்கூடும். நார்வேயில் பாதிரியாராகப் பணியாற்றிய மிகாயேல் சார்ஸ் 1829இல் பாலிப் நிலையையும் அடுக்குத்தட்டு நிலையையும் தனித்தனி உயிரினங்களாகக் கருதியே பெயரிட்டார். அவை யாவும் ஒரே உயிரின் பருவங்கள் என்பதை அவரே பின்னாளில், 1841க்குள், தெளிவுபடுத்தினார்.

எஃபிராவை உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால், வளர்ந்த இழுதுமீனின் குடை வடிவத்தை அதில் காண இயலாது. நடுவிலுள்ள சிறு வட்டிலிருந்து எட்டுக் கைகள் விண்மீன் போல் நீள்கின்றன. ஒவ்வொரு கையின் நுனியும் இரு மடல்களாகப் பிளந்திருக்க, அப்பிளவின் நடுவே ஒளியையும் உடலின் சாய்வையும் உணரும் உறுப்பு ஒன்று அமைந்துள்ளது. வளர்ந்த உயிரியின் விளிம்பில் தொங்கும் நுண்ணிய உணர்கொம்புகள் இன்னும் தோன்றியிருப்பதில்லை. மடல்களின் மேலுள்ள கொட்டணுக்களே இரையைப் பற்றுகின்றன, பற்றிய கை உள்நோக்கி வளைந்து இரையை நடுவிலுள்ள நாற்கோண வாயிடம் சேர்க்கிறது. கைகளுக்கு இடையே இவ்வளவு பெரிய இடைவெளிகள் இருக்க, இவ்வுடல் எவ்வாறு நீரை உந்தி நீந்துகிறது என்ற ஐயம் எழுவது இயல்பு. அதற்கான விடை, அளவில் மிகச் சிறிய உடல்களுக்கு நீரின் பிசுபிசுப்பே முதன்மையான விசையாக இருப்பதில் அடங்கியுள்ளது. ஒவ்வொரு கையையும் ஒட்டி அதனுடன் சேர்ந்தே நகரும் மெல்லிய நீர்ப்படலம் அடுத்த கையின் படலத்தோடு கலந்துவிடுவதால், இடைவெளிகள் நீரால் அடைபட்டு, எட்டுக் கைகளும் ஒரே வட்டத் துடுப்பாகச் செயல்படுகின்றன. பொருட்செலவைக் கருதினால் இது மிகச் சிக்கனமான அமைப்பாகும்: துடுப்பின் கணிசமான பகுதியை உடற்பொருளால் கட்டாமல் கடல் நீராலேயே நிறைத்துக்கொள்கிறது எஃபிரா. உடல் பெருகப் பெருகப் பிசுபிசுப்பின் ஆட்சி குறைந்து இடைவெளிகளில் நீர் ஒழுகத் தொடங்கும். அதே வேளையில் கைகளுக்கிடையே திசு வளர்ந்து குடை முழுமையடைகிறது.

இனி, இக்குஞ்சு எப்பருவத்தில் பிறக்கிறது என்பதைக் காண வேண்டும். வட ஐரோப்பியக் கரைகளிலும் ஜப்பானின் உள்கடலிலும் எஃபிராக்கள் பெரும்பாலும் குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் இளவேனிலின் தொடக்கத்திலும் விடப்படுகின்றன. பாலிப் பல வாரக் குளிரைக் கடந்த பிறகே பிளவுறத் தொடங்குகிறது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, குளிர்ந்த நாட்களில் சிறுகச் சிறுகப் பெருகும் ஒரு புரதம் பாலிப்பின் உடலில் காலமானியாகச் செயல்பட்டு, போதிய அளவு திரண்டதும் உருமாற்றத்தைத் தூண்டுகிறது என்று காட்டியது. இந்தக் காலமானி எண்ணுவது குளிரையே. நீரில் இரை எவ்வளவு உள்ளது என்பதை அது எண்ணுவதில்லை. எஃபிராவின் உணவான துடுப்புக்காலிகளின் இளவுயிரிகளும் பிற நுண்ணிய விலங்கு மிதவையுயிரிகளும், பகல் நீண்டு நீரில் பாசியினங்கள் தழைத்த பின்னரே பெருகுகின்றன. ஆகவே பிறப்புக்கும் உணவுப் பெருக்கத்துக்கும் இடையே ஒரு கால இடைவெளி விழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மீன்குஞ்சாக இருந்தால் ஒரு தலைமுறையையே அழித்துவிடக்கூடிய இடைவெளி அது.

அந்த இடைவெளியை எஃபிரா எவ்வளவு காலம் தாங்கும் என்பதை ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபூ ஸிலு, உயே ஷின்-இச்சி ஆகியோர் அடங்கிய குழு அளந்து 2014இல் வெளியிட்டது. புதிதாகக் கழன்ற எஃபிராக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் பட்டினியில் வைத்து, பின்பு உணவளித்து, அவற்றுள் பாதி தேற இயலாமற்போகும் நாளை மீளாக் கட்டமாகக் கொண்டனர். 15 டிகிரி செல்சியசில் அந்த நாள் 33.8 ஆகவும், 12 டிகிரியில் 38.4 ஆகவும், 9 டிகிரியில் 58.6 ஆகவும் இருந்தது. நடுவெப்பநிலையிலிருந்து மூன்று டிகிரி ஏறுவதால் இழக்கப்படுவது ஐந்து நாட்களுக்கும் குறைவு. அதே மூன்று டிகிரி இறங்குவதால் பெறப்படுவதோ இருபது நாட்கள். குளிரின் பயன் சீராகக் கூடவில்லை என்பதும், குளிர் மிகுந்த முனையில்தான் அது வெகுவாகப் பெருகுகிறது என்பதும் இவ்வெண்களிலிருந்து தெரிகின்றன. இழுதுமீன் தன் குஞ்சை இரையற்ற குளிர்காலத்தில் விடுவது கண்மூடித்தனமான செயல் போல் தோன்றினாலும், இரையைக் குறைக்கும் அதே குளிர் குஞ்சின் தேவையையும் குறைத்துக் காத்திருப்பைச் சாத்தியமாக்குகிறது.

இவ்வாய்வின் மற்றொரு முடிவு இன்னும் ஆழமாகச் சிந்திக்கத்தக்கது. மீளாக் கட்டத்தை எட்டுவதற்குள் எஃபிராவின் வட்டு விட்டம் ஏறத்தாழ 30 விழுக்காடும், உடலிலுள்ள கரிமத்தின் அளவு, அதாவது உயிர்ப்பொருளின் அளவு, ஏறத்தாழப் பாதியும் குறைந்திருந்தன. விட்டம் 30 விழுக்காடு குறைந்த ஒரு வட்டின் பரப்பு முன்பிருந்ததில் 49 விழுக்காடாகும். அதாவது இழந்த பரப்பும் இழந்த கரிமமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அமைகின்றன. பட்டினியில் வாடும் மீன்குஞ்சு தன் நீளத்தை அவ்வளவாக இழப்பதில்லை. வயிறு ஒட்டி, தசை கரைந்து, அதே சட்டகத்துக்குள் நலிகிறது. எஃபிராவோ நலிந்த பெரிய உடலாக நில்லாமல், ஒழுங்கான சிறிய உடலாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதையே இந்த ஒத்த விகிதம் உணர்த்துகிறது எனலாம். காப்பதற்கு எலும்போ ஓடோ இல்லாமையால்தான் இத்தகைய பின்வாங்கல் அதற்கு இயலுகிறது.

இழுதுமீனின் உடலில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி நீராகும். வெளித்தோல் படலத்துக்கும் உட்குழிப் படலத்துக்கும் இடையே நிறைந்திருக்கும் மீசோகிளியா என்னும் இடைக்கூழ், கொலாஜன் இழைகளும் நீரும் கலந்த, மிகச் சில உயிரணுக்களே உள்ள பொருள். அது பருமனைத் தருகிறதே ஒழிய, தனக்கென ஆற்றலைப் பெரிதாகக் கேட்பதில்லை. குடை சுருங்குவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும். விரிவதற்கோ இக்கூழின் மீள்தன்மையே போதும். எனவே ஒரே அகலமுள்ள பிற விலங்குகளோடு ஒப்பிடும்போது, இழுதுமீன் பராமரிக்க வேண்டிய உயிருள்ள திசு மிகக் குறைவு. குளிர்கடல் துடுப்புக்காலிகள் சில தம் உடலுக்குள் எண்ணெய்ப் பை ஒன்றை நிரப்பிக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்துகின்றன. எஃபிராவில் அத்தகைய பை எதுவும் இல்லை, உடலே அதன் களஞ்சியம். உடல் சுருங்கும்தோறும் அன்றாடத் தேவையும் சுருங்குவதால், எஞ்சியிருக்கும் பொருள் மேலும் நீண்ட நாட்களுக்கு ஈடுகொடுக்கிறது.

உயிரணுக்களின் அளவில் இப்பின்வாங்கல் எவ்வாறு நிகழக்கூடும் என்பதற்கு, இழுதுமீனின் நெருங்கிய உறவினமும் நன்னீரில் வாழ்வதுமான ஹைட்ராவில் நடந்த ஆய்வுகள் ஒரு வழிகாட்டியாக உள்ளன. பட்டினி கிடக்கும் ஹைட்ராவில் உயிரணுப் பிளவு நின்றுவிடுவதில்லை. புதிய உயிரணுக்கள் தோன்றிக்கொண்டே இருக்க, மிகையாகும் உயிரணுக்களை அண்டையிலுள்ள உயிரணுக்கள் விழுங்கிச் செரித்துக்கொள்கின்றன. இறப்பும் பிறப்பும் ஒருங்கே நடக்கும் இத்தகைய உடலில் பழைய திசு இடையறாது புதுப்பிக்கப்படுவதால், வடிவமும் செயலும் குலையாமல் அளவு மட்டும் குறைகிறது. எஃபிராவிலும் இதே ஏற்பாடுதான் நிகழ்கிறது என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இழுதுமீனும் ஹைட்ராவும் சேர்ந்த கொட்டணுவுயிரிகள் என்னும் தொகுதிக்குப் பட்டினியைச் சந்திக்கும் வழி புதியதன்று என்பதை அது தெளிவாக்குகிறது.

இச்சுருக்கம் குஞ்சுப் பருவத்தோடு முடிவதுமில்லை. வில்லியம் ஹாம்னரும் ஜென்சனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்த நிலா இழுதுமீன்களும் உணவின்றி வைக்கப்பட்டால் சுருங்குவதையும், மீண்டும் உணவளித்தால் வளர்வதையும் விரிவாக எடுத்துக்காட்டியது. டென்மார்க்கின் ஃபியூன் தீவிலுள்ள கெர்ட்டிங்கே நோர் என்னும் ஆழமற்ற கடற்கழியில் இது ஆய்வகத்துக்கு வெளியே, இயற்கையிலேயே காணக்கிடைக்கிறது. அங்கு இளவேனிலில் எஃபிராக்கள் நெருக்கமாகத் திரண்டு, மிதவையுயிரிகளை உண்டு தீர்த்துவிடுகின்றன. அதன் விளைவாக, திறந்த கடலில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடிய அதே இனம் அங்கே சில சென்டிமீட்டர் அகலத்திலேயே நின்றுவிட்டுப் பிறகு சுருங்கத் தொடங்குகிறது. கூட்டத்தின் எண்ணிக்கை உடனடியாகச் சரிவதற்கு மாறாக, ஒவ்வோர் உடலும் சிறுத்து, கிடைக்கும் சிறிதளவு உணவுக்குள் வாழ முற்படுகிறது என்பதே இக்கழியில் பல்லாண்டுகளாக நடந்த ஆய்வுகளின் சாரம்.

எனினும் பட்டினியைத் தாங்குவது வேறு, அதிலிருந்து கரையேறுவது வேறு. சுருங்கிய எஃபிராவுக்கு இரையைப் பற்றும் கைகளின் பரப்பும் சுருங்கியிருக்கும். நீரின் பிசுபிசுப்புக்கு அது மேலும் கட்டுப்பட்டிருக்கும். ஒரு துடிப்பில் அது வளைக்கும் நீரின் அளவும் குறையும். சிறிய உடல் மேலும் பல இரைகொல்லிகளின் வாய்க்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துக் கொண்டால், ஆய்வகக் குடுவையில் கணக்கிடப்பட்ட 58 நாட்கள் கடலில் அப்படியே கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. அவை அதிகபட்ச வரம்பைச் சுட்டும் எண்களாகவே கொள்ளத்தக்கவை. மேலும், எல்லா இனங்களின் எஃபிராக்களுக்கும் எந்த இரையும் போதுமானதாக அமைவதில்லை. வட கடல்களில் வாழும் பெரிய சிங்கப்பிடரி இழுதுமீனான சயனியா கப்பில்லாட்டாவின் எஃபிராக்கள், சீப்புக் கூழுயிரிகள் போன்ற கூழுடல் இரைகள் கிடைக்கும்போதே நன்கு வளர்கின்றன என்று உல்ஃப் போம்ஸ்டெட் குழுவினர் 1990களில் கண்டனர். வெப்பக் கடலின் ஆழமற்ற அடித்தளத்தில் தலைகீழாகக் கிடக்கும் காசியோபியாவோ முற்றிலும் வேறொரு வழியைக் கொண்டுள்ளது: ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகளைத் தன் திசுக்களுக்குள் குடியமர்த்தி, அவை ஆக்கும் உணவில் பங்கு பெறுகிறது, அப்பாசிகள் உடலில் குடியேறாதவரை அதன் பாலிப் பொதுவாக எஃபிராவை ஈனுவதே இல்லை. நிலா இழுதுமீன் பட்டினியைப் பொறுத்துக் கடக்கிறது என்றால், காசியோபியா தன் குஞ்சைப் பட்டினிக்குள் அனுப்பாமலிருக்கவே முயல்கிறது எனலாம்.

சுருக்கத்துக்கும் அப்பால் செல்லும் உயிர்களும் உண்டு. டுரிட்டாப்சிஸ் டோர்னி என்னும் நடுநிலக்கடல் சிற்றுயிரி, பட்டினி முதலிய நெருக்கடிகளில் தன் குடையுடலைக் கலைத்து மீண்டும் பாலிப் நிலைக்கே திரும்புவது 1990களில் இத்தாலிய ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. ஆரேலியாவிலும் இத்தகைய பின்திரும்பல் நிகழக்கூடும் என்று 2015இல் வெளியான ஒரு சீன ஆய்வு காட்டியது. இழுதுமீன்களிலிருந்து வேறான தொகுதியைச் சேர்ந்த நிமியாப்சிஸ் என்னும் சீப்புக் கூழுயிரியும், பட்டினிக்கும் காயத்துக்கும் உட்பட்ட பிறகு, வளர்ந்த உடலிலிருந்து தன் இளம்பருவ வடிவத்துக்குத் திரும்பியதை நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டனர். எஃபிராவின் சுருக்கத்தை இவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, வளர்ச்சி என்பது முன்னோக்கி மட்டுமே செல்லும் பாதை என்ற எண்ணம் இவ்வுயிர்களுக்குப் பொருந்தாது என்பது புலனாகிறது.

இவை அனைத்தும் ஆய்வகத்துக்குள் அடங்கும் ஆர்வம் மட்டும் அல்ல. 2013ஆம் ஆண்டில் சுவீடனின் ஆஸ்கர்ஷாம் அணுமின் நிலையத்தில், குளிர்விக்கும் நீரை உள்ளிழுக்கும் குழாய்களை நிலா இழுதுமீன்கள் அடைத்துக்கொண்டதால் ஓர் உலையை நிறுத்த வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலும் வேறு இனங்களால் இதே இடர்ப்பாடு எழுந்ததுண்டு. குளிர்காலமே அறியாத வங்கக் கடலின் இனங்களுக்கு ஹிரோஷிமா எண்களை எடுத்துப் பொருத்துவது தவறாகும் என்றாலும், எங்கு இழுதுமீன்கள் திரண்டாலும் அத்திரளின் அளவைத் தீர்மானிக்கும் வாயில்களுள் ஒன்று எஃபிராப் பருவம் என்பதில் ஐயமில்லை. கடல் வெப்பமடைவது இந்த வாயிலை எவ்வாறு மாற்றும் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. குளிர்காலம் மிதமாகும்போது எஃபிராவின் பட்டினிக் கெடு குறுகும். ஆனால் உணவுப் பெருக்கம் முன்னதாகவே தொடங்கினால் அவ்வளவு நீண்ட கெடு தேவைப்படாமலும் போகலாம். மறுபுறம், குளிரை எண்ணிப் பிளவுறும் பாலிப்புகளுக்குப் போதிய குளிரே கிடைக்காவிட்டால் எஃபிராக்களின் எண்ணிக்கையே குறையும். இங்கிலாந்தின் தென்கரையில் ஆரேலியாவை ஆராய்ந்தவர்கள், குறுகிய, வெதுவெதுப்பான குளிர்காலங்கள் எஃபிரா உற்பத்தியைத் தடுக்கக்கூடும் என்று 2021இல் எழுதினர். வெப்பம் மிகுந்தால் இழுதுமீன்கள் பெருகும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை ஒவ்வோர் இனத்துக்கும் தனியாகச் சோதிக்காமல் ஏற்பது, இந்த நிலையில், அவசரமாகும்.

களத்தில் இயங்குவோருக்கு இதில் உடனடியாக எழும் சிக்கல் ஒன்றும் உள்ளது. மீன்குஞ்சின் காதுக்கல்லில் நாள்தோறும் ஒரு வளையம் படிவதால் அதன் வயதை நாட்கணக்கில் எண்ணிவிடலாம். எஃபிராவுக்குக் கிடைப்பது விட்டத்தின் அளவு ஒன்றே. மிதவையுயிரி வலையில் சிக்கிய இரண்டு மில்லிமீட்டர் எஃபிரா நேற்றுப் பாலிப்பிலிருந்து கழன்றதாகவும் இருக்கலாம், மூன்று மில்லிமீட்டராகப் பிறந்து ஒரு மாதமாக உண்ணாமல் சுருங்கியதாகவும் இருக்கலாம். ஆகவே விட்டத்தை மட்டும் அளந்து பிறந்த நாளையும் வளர்ச்சி வேகத்தையும் கணக்கிட்ட பழைய தரவுகளைப் பயன்படுத்துவோர், அந்த ஆண்டில், அந்த நீரில், அந்த வாரங்களில் எவ்வளவு இரை இருந்தது என்பதையும் உடன் வைத்தே அவற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.